வேலிக்கு இந்தப் பக்கம்

ஆமிஷ் மக்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி சாலையில் நின்று எழுதப்பட்டது. குதிரை வண்டி, வைக்கோல் தொப்பி, மீசை மழித்த தாடி, கொடியில் வரிசையாகக் காயும் ஒற்றை நிறத் துணிகள் — இவையெல்லாம் காரின் ஜன்னலுக்கு அகப்படுபவை. பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்துக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் போய் இறங்கும் சுற்றுலாப் பயணி இவற்றைப் பார்த்துவிட்டு, காலம் அங்கே நின்றுபோய்விட்டது என்ற ஒரு வாக்கியத்துடன் திரும்பிவிடுகிறான். 1985ல் வந்த பீட்டர் வியரின் ‘விட்னஸ்’ படமும், காற்றில் அலையும் அதன் வயல்களும், அந்த வாக்கியத்துக்குத்தான் அழகூட்டின.

பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பது வேறு. ஆமிஷ் குடும்பங்கள் தனி ஊராக மதில் கட்டிக்கொண்டு வாழ்வதில்லை. அவர்களுடைய பண்ணைகள் மற்றவர்களுடைய பண்ணைகளுக்கு இடையிடையே கிடக்கின்றன. அந்த மற்றவர்கள் எல்லோருக்கும் ஆமிஷ் பேச்சில் ஒரே பெயர்தான்: இங்கிலீஷ்காரர்கள். பாட்டன் இத்தாலியிலிருந்து வந்தவனாயிருந்தாலும், இவர்களைப் போலவே ஜெர்மனியிலிருந்து வந்தவனாயிருந்தாலும், அவன் இங்கிலீஷ்காரன். இந்த இங்கிலீஷ்காரன் வீட்டு ஷெட்டில்தான் சில ஆமிஷ் குடும்பங்களின் ஃப்ரீஸர், வாடகை பேசி, ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுடைய வேனில்தான் மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் தூரத்துச் சாவு வீட்டுக்கும் போகிறார்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் ஓடி வந்து கதவைத் தட்டியதும் நெடுங்காலம் அவன் வீட்டில்தான். காலம் நின்றுவிட்டது என்று அவனிடம் சொன்னால் சிரிப்பான். அவனுக்குத் தெரிந்தவரையில், எதை வேலிக்கு உள்ளே விடுவது, எதை வேலிக்கு வெளியே அவன் வீட்டிலேயே வைத்திருப்பது என்பதைப் பற்றி இடைவிடாமல் விவாதித்துக்கொண்டிருப்பவர்கள் ஆமிஷ்காரர்கள்.

இந்த விவாதத்தின் பூர்வீகம் ஸ்விட்ஸர்லாந்து. 1525 ஜனவரி 21ந் தேதி ஸூரிச் நகரத்தில் ஒரு வீட்டில் கூடிய சிலர் ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் செய்துகொண்டார்கள். சிசுவுக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் ஒருவன் தானாகக் கேட்டுப் பெறுவதே செல்லும் என்பது அவர்கள் கட்சி. மதசாஸ்திரச் சண்டை போலத் தோன்றும் இதில் அன்றைய அரசுக்கு ஆணிவேரே ஆடிற்று. பிறந்தவுடன் சபையில் சேர்க்கப்படுகிறவன்தான் பிறந்தவுடன் பிரஜையும் ஆகிறவன். ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் ரோமாபுரிக்காரர்கள் அல்ல, ஸ்விங்ளியின் சீர்திருத்தக் கட்சியினர். அதே ஆண்டில் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடி, வாள் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, உலகத்திலிருந்து ஒதுங்குவது என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். இதே மறுஞானஸ்நானக்காரர்களில் வேறொரு கூட்டம் 1534ல் ம்யூன்ஸ்டர் நகரத்தை ஆயுதத்தால் பிடித்து, தீர்க்கதரிசன ராஜ்யம் நடத்தி, அடுத்த ஆண்டில் ரத்தத்தில் முடிந்தது. அந்தச் சிதறலிலிருந்து அமைதிக்காரர்களைத் திரட்டியவர் மென்னோ ஸீமன்ஸ். மென்னோனைட் என்ற பெயர் அவரால் வந்தது.

ஆமிஷ் பிரிந்தது 1693ல். சபையிலிருந்து விலக்கப்பட்டவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்பதுதான் பிரதானச் சண்டை. கூடாது, மனைவியாயிருந்தாலும் கூடாது என்றவர் யாக்கோப் அம்மான். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றவர் ஹான்ஸ் ரைஸ்ட். அம்மான் அவசரக்காரர், எதிர்த்தவர்களையெல்லாம் விலக்கிவைத்தார். சில ஆண்டுகள் கழித்து, முறைதவறிச் செய்துவிட்டோம் என்று பரிகாரமாகத் தன்னையும் தன் கூட்டாளிகளையும் தாங்களே விலக்கிக்கொண்டார். பிளவு ஆறவில்லை. அவர் பெயரையே ஏற்றவர்கள் அல்ஸாஸிலிருந்தும் பாலட்டினேட்டிலிருந்தும் துரத்தப்பட்டு, 1737ல் ‘சார்மிங் நான்ஸி’ என்ற கப்பலில் ஒரு தொகுதியாக ஃபிலடெல்ஃபியா வந்திறங்கினார்கள். ஐரோப்பாவில் எஞ்சிய கடைசிச் சபை, ஜெர்மனியில் இக்ஸ்ஹைம் என்னும் ஊரில் இருந்தது, 1937ல் மென்னோனைட்டுகளோடு கலந்து மறைந்துபோயிற்று. அமெரிக்காவிலோ 1900ல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 2024ல் 4 லட்சத்தை எட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறார்கள். மதம் மாறி வந்து சேர்பவர் வெகு சொற்பம். எல்லாம் பிள்ளைப்பேறும், அந்தப் பிள்ளைகளில் பத்தில் எட்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிடுவதும்தான். அழிந்துகொண்டிருக்கும் புராதன இனம் என்று பரிதாபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

தீர்மானங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 20 முதல் 40 குடும்பங்கள் வரை ஒரு சபை. கோயில் கட்டடம் கிடையாது. ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் கொள்ளாத அளவுக்குச் சபை பெருத்தால் இரண்டாகப் பிரியும். ஆக, சபையின் அளவை வீட்டின் அளவும் குதிரையின் மூச்சும் நிர்ணயிக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை திருவிருந்து. அதற்கு முன் ஒரு கூட்டத்தில் ‘ஓர்ட்னுங்’ என்று அவர்கள் சொல்லும் ஒழுங்கு விதிகள் பேசப்படும். எல்லோரும் இசைந்தால்தான் திருவிருந்து. இந்த விதிகள் பெரும்பாலும் அச்சில் இல்லை. சபைக்குச் சபை வேறுபடுகின்றன. ஒரு சபையில் வண்டியின் கூரை சாம்பல் நிறம், இன்னொன்றில் கறுப்பு, பென்சில்வேனியாவின் ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சள், அதே பள்ளத்தாக்கில் இன்னொரு சபைக்கு வெள்ளை.

டெலிபோனை எடுத்துக்கொள்வோம். 1910ஐ ஒட்டி லங்காஸ்டரில் சில ஆமிஷ் வீடுகளில் டெலிபோன் வந்துவிட்டது. விலக்கு விதியின் கடுமையைப் பற்றிய பழைய தகராறோடு இதுவும் சேர்ந்து சபை பிளந்தது; ஐந்தில் ஒரு பங்கினர் போய்விட்டார்கள். தங்கியவர்கள் டெலிபோனை வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டரைக் கூப்பிட இங்கிலீஷ்காரன் வீட்டுக்கு ஓடிக்கொண்டே இருப்பதும் சரியாகப்படவில்லை. 1930களின் நடுவில் சில குடும்பங்கள் சேர்ந்து கேட்க, பாதையோரம் ஒரு மரக்கூண்டில் பொது டெலிபோன் அனுமதிக்கப்பட்டது. பேச வேண்டுமென்றால் பனியில் நடந்து போய்ப் பேச வேண்டும். கூண்டு கூப்பிட்டால் வீட்டில் கேட்காது. இதைக் கோமாளித்தனம் என்று பக்கத்து வீட்டுக்காரன் பலமுறை சொல்லியிருப்பான். யோசித்துப் பார்த்தால், டெலிபோன் என்ற கருவியில் எது உபயோகம், எது ஊடுருவல் என்று பிரித்து, முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைப் பாதையோரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மின்சாரத்திலும் இதே கதை. கம்பத்திலிருந்து வரும் கம்பியை 1920ஐ ஒட்டி மறுத்தார்கள், பாட்டரியை மறுக்கவில்லை. கம்பி இருந்தால் அதில் என்ன வரும் என்பது தங்கள் கையில் இல்லை, பாட்டரி தீர்ந்தால் தீர்ந்தது. 1960களின் கடைசியில் பால் கம்பெனிகள், எஃகுத் தொட்டியில் குளிர்வித்த பாலைத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டன. கறவைதான் லங்காஸ்டர் ஆமிஷின் ஜீவனம். பிஷப்புகள் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தொட்டி வரலாம், குளிர்விப்பது டீஸல் எஞ்சின், பாலைக் கலக்கும் துடுப்பு 12 வோல்ட் பாட்டரியில் ஓடும், ஞாயிற்றுக்கிழமை லாரி வரக்கூடாது. கம்பெனி ஒப்புக்கொண்டது. தச்சுப் பட்டறைகளில் ரம்பமும் துளைக்கருவியும் அழுத்தப்பட்ட காற்றில் ஓடுகின்றன. வயலில் டிராக்டர் உழாது. களஞ்சியத்தருகே நின்று பெல்ட் ஓட்டித் தரும், அதுவும் ரப்பர் டயர் இல்லாமல், இரும்புச் சக்கரத்தில். காரில் ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடாது. கார் சொந்தமானால் சபை 30 மைல் சுற்றளவுக்குச் சிதறும், வீட்டில் கூடுவது நின்றுபோகும்.

இது இரட்டை வேஷம் என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்கு அப்படிப் படவில்லை. சில கோடுகள் அசட்டுத்தனமாகத்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு கிழிக்கும் அதிகாரம் கருவியைச் செய்தவனிடம் இல்லை, உபயோகிப்பவர்களிடம் இருக்கிறது என்ற ஒன்றை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அது நம்மை என்ன செய்துவிட்டது என்று கவிதை எழுதுகிறவர்களாகிய நாம் அவர்களைப் பார்த்து நகைப்பதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

வங்கிக் கௌண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்ற முறையில் என்னைப் பிடித்து நிறுத்திய விவரம் ஒன்று. இவர்கள் வங்கியை மறுக்கவில்லை. கடன் வாங்குகிறார்கள், காசோலை எழுதுகிறார்கள். ஆயுள் இன்ஷூரன்ஸைத்தான் தொடமாட்டார்கள். மின்னலில் களஞ்சியம் எரிந்தால் சபைகள் பணம் திரட்டும், நூற்றுக்கணக்கானோர் வந்து ஒரே நாளில் சட்டம் தூக்கி நிறுத்திவிட்டுப் போவார்கள். இங்கிலீஷ்காரனும் சுத்தியலோடு வருவான், அவன் களஞ்சியம் எரிந்தால் அவர்கள் வருவார்கள். 1950களில் சுயதொழில் விவசாயிகளையும் அமெரிக்க அரசு முதியோர் காப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, பல ஆமிஷ்காரர்கள் வரி கட்ட மறுத்தார்கள். கிழவர்களைக் காப்பாற்றுவது எங்கள் வேலை, நாங்கள் உங்களிடம் எதுவும் வாங்கப்போவதில்லை என்றார்கள். 1961 வசந்தத்தில், மேற்குப் பென்சில்வேனியாவில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் 3 குதிரைகளை வரி அதிகாரிகள் வயலிலேயே அவிழ்த்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். பத்திரிகைகள் கொதித்தன. 1965ல் சட்டமே அவர்களுக்கு விலக்குத் தந்தது. உதவி வேண்டாம் என்பதற்காகச் சட்டத்தைத் திருத்தவைத்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

அண்டைவீட்டான் கண்ணுக்கு அகப்படும் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். வீட்டில் பேசுவது பென்சில்வேனிய ஜெர்மன், வேதம் படிப்பது பழைய ஜெர்மன், அவனோடு பேசுவது ஆங்கிலம். எட்டாம் வகுப்பு படித்த விவசாயிக்கு மூன்று பாஷை. ஆண்களின் கோட்டில் பித்தானுக்குப் பதில் கொக்கி. மீசை ராணுவத்தானுக்கு அடையாளமாயிருந்த காலத்தில் விட்டது இன்னும் வரவில்லை. வேலிக்கு அப்பால் தோட்டத்தில் அளவுக்கு மீறி செலரி நட்டிருந்தால், அந்த வீட்டில் இலையுதிர் காலத்தில் ஒரு கல்யாணம் என்று அவன் ஊகித்துவிடுவான். லங்காஸ்டரில் விருந்துக்கு வெண்ணெய்ப் பாலில் வெந்த செலரி இல்லாமல் முடியாது. ஆனால் பெண் யார் என்பதைச் சபையில் அறிவிக்கும்வரை, அதாவது சில வாரங்களுக்கு முன்வரை, யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணத்தன்று மணப்பெண் அணிந்த வெள்ளை மேலாடையையும் முன்றானைத் துணியையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். அடுத்தமுறை அவள் அதை அணிவது சவப்பெட்டியில்.

போதகர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை எந்த ஜனநாயகத்திலும் இல்லாதது. உறுப்பினர்கள், ஆணும் பெண்ணும், காதோடு பெயர் சொல்வார்கள். போதிய வாக்குப் பெற்றவர்கள் முன்னால் அத்தனை பாட்டுப் புத்தகங்கள் வைக்கப்படும். அவற்றில் ஒன்றுக்குள் ஒரு சீட்டு. சீட்டு யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவன் அன்று முதல் ஆயுளுக்கும், சம்பளமில்லாமல், பயிற்சியில்லாமல் போதகன். வாழ்த்துச் சொல்வதில்லை. அழுவதுதான் வழக்கம். ஆசைப்பட்டுப் பதவிக்கு வந்தான் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாட்டுப் புத்தகம் ‘ஔஸ்புண்ட்’. அதன் மூலப் பாடல்கள் 1530களில் பஸ்ஸாவ் கோட்டைச் சிறையில் கிடந்தவர்கள் இயற்றியவை, 1564ல் அச்சானவை. புத்தகத்தில் ஸ்வரக் குறிப்பு கிடையாது. ராகம் காதுவழி வந்தது. ஒவ்வொரு ஆராதனையிலும் இரண்டாவதாகப் பாடும் ஸ்தோத்திரப் பாட்டு, நான்கே சரணம், 20 நிமிஷம் போகும். ஒவ்வொரு அசையையும் அவ்வளவு இழுக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் இங்கேதான் சங்கடமான இடம் வருகிறது. இந்தச் சமூகத்தின் அடித்தளமான சொல் ‘கெலாஸன்ஹைட்’: தன்னை ஒப்புக்கொடுத்துவிட்ட நிலை. இதற்கு எதிர்ச்சொல் செருக்கு. போட்டோவுக்கு நிற்பது செருக்கு. தனித்துப் பாடுவது செருக்கு. கையெழுத்திட்டுப் படம் வரைவதும் பல சபைகளில் அப்படித்தான். குழந்தையின் துணிப் பொம்மைக்குக்கூடப் பல வீடுகளில் முகம் கிடையாது. ‘நான்’ இல்லாத இடத்தில் கலை ஏது என்று கேட்கத் தோன்றும். 1971ல் நியூயார்க்கின் விட்னி மியூஸியம் இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிற்று. அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைகளை, கட்டிலிலிருந்து எடுத்து, நவீன ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவரில் மாட்டினார்கள். ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெய்ல் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் சேகரித்தவை. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு விமர்சகர்களின் கவனம் லங்காஸ்டர் ஆமிஷ் போர்வைகளின் மேல் குவிந்தது. நடுவே ஒற்றை வைரம், சுற்றிலும் அகலமான பட்டை, ஊதாவும் கருஞ்சிவப்பும் மயில்நீலமும் பக்கம் பக்கமாக. ஆல்பர்ஸையும் ராத்கோவையும் பார்னெட் நியூமனையும் இழுத்து ஒப்பிட்டார்கள். நவீன ஓவியம் ஐம்பது ஆண்டுப் போராட்டத்தில் எட்டிய வெறுமையை, பூப்போட்ட துணி கூடாது என்ற ஒரு விதிக்குக் கட்டுப்பட்ட பெண்கள் எட்டியிருந்தார்கள்.

இதில் வேடிக்கை, ஒட்டுப் போர்வை ஆமிஷ் கலையே அல்ல. 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலீஷ்காரிகளிடமிருந்து, வேலிக்கு மேலே பார்த்துக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர்கள் புதுப் பாணிகளுக்குத் தாவிய பிறகும் இவர்கள் பழைய சில வடிவங்களையும் மென்மையான கம்பளித் துணியையும் விடவில்லை. பெயர் போடுவதில்லை, சிலவற்றில் முதலெழுத்துகளும் ஆண்டும் மட்டும். கர்வம் வரக்கூடாதென்று வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தைப்பார்கள் என்று சொல்லப்படுவது வியாபாரிகள் கட்டிய கதை, தைத்தவர்கள் சொன்னதல்ல. மியூஸியம் மதித்துவிட்டதென்றதும் வியாபாரிகள் வீடு வீடாக வந்தார்கள். பாட்டியின் போர்வை பண்ணைக் கடனில் கொஞ்சம் அடைத்தது. பழையவை போன பின் விற்பனைக்கென்றே புதியவை தைக்க ஆரம்பித்தார்கள், வாங்குகிறவள் படுக்கையறைக்கு ஒத்துப்போகும் வெளிர் நிறங்களில், பூப்போட்ட துணியில். 1980களிலிருந்து, லாவோஸிலிருந்து அகதிகளாக லங்காஸ்டர் வந்த ஹ்மாங் பெண்கள் அவற்றில் பலவற்றைத் தைத்துக் கொடுத்தார்கள். ‘ஆமிஷ் கைவேலை’ என்று பலகை போட்ட கடையில் வாங்கியவள் நியூயார்க்கில் அதைச் சுவரில் மாட்டினாள். ஆமிஷ் வீட்டுக் கட்டிலில் கடையில் வாங்கிய போர்வை கிடக்கலாம். இதை வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது போர்வையாக இருந்தது. கலையாக்கியது நாம், கலையானதும் விலை வந்தது.

எழுத்திலும் இதற்கு ஒரு இணை உண்டு. ஒஹையோவில் ஷுகர்க்ரீக் என்ற சிற்றூரிலிருந்து 1890 முதல் ‘தி பட்ஜெட்’ என்ற வாரப்பத்திரிகை வருகிறது. நெடுங்காலமாக அதை நடத்தி அச்சிடுகிறவர்கள் ஆமிஷ் அல்லாதவர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்து ஆமிஷ் நிருபர்கள் எழுதும் கடிதங்கள். மழை பெய்ததா, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் கூடினார்கள், யார் வந்து போனார்கள், யாருக்குக் குழந்தை, யார் ஏணியிலிருந்து விழுந்தது. அபிப்பிராயம் இல்லை, வர்ணனை இல்லை. எழுதியவர் எந்த மனநிலையில் எழுதினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. நம்மில் சிலர் பத்து வருஷம் முயன்றும் வராத நிதானம். ஆனால் அந்த நிருபருக்கு ஒரு நாள், சபையார் எல்லோருக்கும் தெரிந்த ஆனால் யாரும் எழுதாத ஒன்றை எழுதவேண்டுமென்று தோன்றினால் என்ன செய்வார்? அதற்கு அந்தப் பத்தியில் இடம் இல்லை.

இந்தச் சங்கடத்தை நீதிமன்றம் ஒருமுறை தொட்டது. எட்டாம் வகுப்போடு போதும் என்பது ஆமிஷ் நிலை. 1965 நவம்பரில் ஐயோவாவின் ஹேஸில்டன் அருகே பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு ஏற்றிப்போக அதிகாரிகள் வந்தபோது, பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பரவிற்று. விஸ்கான்ஸினில் நியூ கிளாரஸ் என்ற ஊரில் மூன்று தகப்பன்மார்களுக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம். அந்த ஊர் ஸ்விஸ் குடியேறிகள் ஸ்தாபித்தது என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1972 மே மாதம் ஆமிஷ் பக்கம் தீர்ப்பாயிற்று. ஆமிஷ்காரர்கள் வழக்காடமாட்டார்கள், இதை நடத்தியதே வெளியார் அமைத்த ஒரு கமிட்டியும் ஒரு கத்தோலிக்க வக்கீலும். நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டார். பெற்றோர் பேசிவிட்டார்கள், பிள்ளையைக் கேட்டீர்களா என்பது அவர் கேள்வி. அவன் பியானோ வாசிக்க ஆசைப்படலாம், விண்வெளிக்குப் போக ஆசைப்படலாம், சமுத்திரத்தை ஆராய ஆசைப்படலாம். சாட்சி சொன்னது பிள்ளைகளில் ஒரே ஒரு பெண்தான். டக்ளஸின் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை, நகர்ந்துகொண்டது. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆமிஷ் தரப்பில் ஒரு பதில் உண்டு. ஞானஸ்நானம் பிறப்பால் வருவதில்லை. 16 வயதுக்கு மேல் ‘ரும்ஷ்ப்ரிங்க’ என்ற சில ஆண்டுகள், கையிறு கொஞ்சம் தளர்த்திவிடப்படும். அதற்குப் பிறகு அவனாகவே கேட்டால்தான் ஞானஸ்நானம். கேட்காமல் போய்விட்டவன் விலக்கப்படுவதில்லை; வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம். வாக்குக் கொடுத்துவிட்டு உடைத்தவனுக்குத்தான் தனி மேஜை. நாம் அறிந்த ஜாதிப் பிரஷ்டத்திலிருந்து இது வேறுபடும் இடம் இது. ஆனால் எட்டாம் வகுப்பும், அறிந்த முகங்கள் அத்தனையும் ஒரு பக்கம், அறியாத உலகம் மறுபக்கம் என்ற நிலையில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தேர்ந்தெடுப்பதை எவ்வளவு தூரம் தேர்வு என்று சொல்ல? ‘ஆமிஷ் சமுதாயம்’ என்ற புத்தகத்தை 1963ல் எழுதிய ஜான் ஹாஸ்டெட்லர் ஆமிஷ் வீட்டில் பிறந்து, ஞானஸ்நானம் கேட்காமல் வெளியேறிப் படித்தவர். அந்தச் சமூகத்தைப் பற்றிய முதல் பெரிய ஆய்வை எழுத அதிலிருந்து ஒருவன் வெளியே வர வேண்டியிருந்தது. விஸ்கான்ஸின் வழக்கில், எட்டாம் வகுப்பு போதும் என்ற தரப்புக்காக நிபுணர் சாட்சி சொன்னவரும் அவரேதான். வெளியேறுகிறவர்கள் முதலில் கதவைத் தட்டுவது பெரும்பாலும் அண்டைவீட்டு இங்கிலீஷ்காரன் வீட்டில். அவன் அந்த இரவு கதவைத் திறந்தால் வேலிக்கு அப்பால் தன் நட்பைக் கொஞ்சம் இழப்பான்.

வீட்டில் விவிலியத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும்: ‘உயிர்ப்பலியானோர் கண்ணாடி’ என்று சொல்லலாம். 1660ல் டச்சு மொழியில் தொகுக்கப்பட்டது. 1748-49ல் பென்சில்வேனியாவின் எஃப்ராட்டா மடத்தில் ஜெர்மனில் அச்சிட்டபோது 1,500 பக்கம் வந்தது. அதுவரை அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான புத்தகங்களில் அதுவே பெரிது. விற்காமல் கிடந்த தாள்களைப் புரட்சிப் போரின் போது ராணுவம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டா சுற்ற உபயோகித்தது. கொல்லாமை பேசிய பக்கங்கள் துப்பாக்கிக் குழாய்க்குள் போயின. அந்தப் புத்தகத்தில் டிர்க் வில்லம்ஸ் என்பவன் கதை, யான் லைக்கனின் செதுக்குச் சித்திரத்தோடு, எல்லா ஆமிஷ் பிள்ளைகளுக்கும் தெரியும். 1569ல் ஹாலந்தில் உறைந்த குளத்தின் மேல் தப்பி ஓடுகிறான். துரத்திவந்த காவலன் பனி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறான். பிடிபட்டு எரிக்கப்படுகிறான்.

இந்தக் கதையை வாழ்ந்து பார்க்க அவர்களுக்கு இரண்டுமுறை நேர்ந்தது. முதலாவதன் பின்னணியைப் பலர் சொல்வதில்லை. ‘சார்மிங் நான்ஸி’ வந்த அதே 1737ல்தான் பென்னின் புதல்வர்கள், ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் என்ற ஒப்பந்தத்தை வைத்து, ஓட்டக்காரர்களை அமர்த்தி லெனாப்பே மக்களின் பெருநிலத்தை ஏமாற்றிப் பறித்தார்கள். ஆமிஷ்காரர்கள் குடியேறிய நார்த்கில் அந்த நிலத்தில் இல்லை. அவர்கள் யாரையும் துரத்தவில்லை, விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனாலும் அந்த மலைத்தொடர் ஓரத்தில் வந்து உட்கார்ந்த எல்லோருக்குமாகச் சேர்ந்துதான் கணக்கு வந்தது. 1757 செப்டம்பரில் இந்தியர்கள் யாக்கோப் ஹாக்ஸ்டெட்லரின் வீட்டைத் தாக்கினார்கள். பிள்ளைகள் வேட்டைத் துப்பாக்கியை எடுத்தார்கள். தகப்பன் தடுத்துவிட்டான். மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் கொல்லப்பட்டார்கள். அவனும் இரு மகன்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். பிறகு தப்பி வந்து, பிள்ளைகளை மீட்டுத் தரும்படி கவர்னருக்கு மனுப் போட்டான். இன்றைய ஆமிஷ்காரர்களில் மிகப் பலர் அவன் வம்சம்.

இரண்டாவது 2006 அக்டோபர் 2. லங்காஸ்டர் மாவட்டம், நிக்கல் மைன்ஸ், ஓரறைப் பள்ளிக்கூடம். வந்தவன் அந்நியன் அல்ல. அவர்களுடைய பண்ணைகளில் இரவில் பால் எடுத்துப் போகும் லாரி ஓட்டி, பக்கத்திலேயே குடியிருந்தவன். 1960களில் பிஷப்புகள் உட்கார்ந்து பேசி அனுமதித்த அந்தத் தொட்டிப் பாலைத்தான் அவன் எடுத்துப்போனான். பையன்களையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு 10 சிறுமிகளைச் சுட்டுத் தானும் செத்தான். ஐவர் இறந்தார்கள். அன்று சாயங்காலமே ஆமிஷ் ஆண்கள் சிலர் அவன் மனைவியைத் தேடிப் போய், உங்கள் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆமிஷ்காரர்கள். உலகெங்கிலுமிருந்து வந்த 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தில் அவன் குடும்பத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள்.

உலகப் பத்திரிகைகள் இதைப் பார்த்துப் பரவசப்பட்டன. பரவசத்தில் சேராத இரண்டு விஷயங்கள். வெளியே அனுப்பப்பட்டு உயிர் தப்பிய பையன்கள், தங்கைகளை விட்டு வந்ததற்காக நீண்ட காலம் உள்ளுக்குள் வெந்தார்கள். குடும்பங்கள் மனநல ஆலோசகர்களிடம் போக வேண்டியிருந்தது. மன்னிப்பு என்பது முதல் நாள் சொல்லிவிட்டு, பிறகு தினம் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. இன்னொன்று கசப்பானது. இதே மன்னிப்பு விதி வீட்டுக்குள் திரும்பும்போது, சிறுமிகளைக் கெடுத்தவன் சபைமுன் மண்டியிட்டு ஒப்புக்கொண்டு, ஆறு வாரம் விலக்கில் இருந்துவிட்டு வந்தால் விஷயம் முடிந்தது, பாதிக்கப்பட்டவள் அதைப் பற்றி இனிப் பேசக்கூடாது என்று ஆகியிருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இப்படிப்பட்ட வழக்குகள் இங்கிலீஷ்காரர்களின் நீதிமன்றங்களுக்கு வந்திருக்கின்றன. லாரிக்காரன் குடும்பத்துக்கு நீட்டிய கையும் இந்தப் பெண்களின் வாயைப் பொத்திய கையும் ஒன்றா வேறா என்று தீர்மானிக்க நான் முயன்றேன். இரண்டையும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்தான் செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தை 10 நாட்கள் கழித்து விடியுமுன் இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் விதைத்துவிட்டார்கள். நினைவுக்கல் வைக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புதுப் பள்ளிக்கூடம் திறந்தது. தப்பிய ஐவரில் மிகச் சிறியவளுக்குத் தலையில் அடி. பேச்சும் நடையும் இல்லாமல்போயிற்று. சுட்டவனுடைய தாய், அதே மாவட்டத்துக்காரி, அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகத் தொடங்கினாள். அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டுவாள், பாடுவாள். 2017ல் தான் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்வரை போய்க்கொண்டிருந்தாள்.